நம் வீட்டு ஜமாபந்தி

மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ திருப்பத்தூர் தாலுகா ஆபீஸ் பக்கம் போனால் வழக்கத்தைவிடக் கூட்டமாக இருக்கும். ஜமாபந்தி நடக்கிறது என்பார்கள். வருவாய்த் தீர்வாயம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊர்வாயில் அது ஜமாபந்திதான். பிர்கா வாரியாக நாள் ஒதுக்கி, கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் ஊரின் ஓராண்டுக் கணக்கைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். ஜமாபந்தி அலுவலர் பதிவேடுகளைப் புரட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். நிலம் அளக்கிற சங்கிலி சரியான நீளத்தில் இருக்கிறதா என்றுகூட அன்றைக்கு இழுத்துப் பார்ப்பார்கள். வெளியே பட்டா மாறுதல், உட்பிரிவு, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று மனுவும் கையுமாக ஜனம் நிற்கும். கடைசி நாளில் குடிகள் மாநாடு நடக்கும்.

தமிழ்நாட்டில் எல்லாத் தாலுகாவிலும் நடக்கிற காரியம்தான் இது. ஆனாலும் நம் ஊருக்கு இதில் தனி உரிமை உண்டு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரைத்தான் தலைமையிடமாக வைத்துக்கொண்டார். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநர் ஆனவர். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், உழுகிறவரோடு நேரடியாகக் கணக்குப் பார்க்கிற ரயத்துவாரி முறை இந்தப் பாராமகாலில்தான் உருப்பெற்றது. முதலில் சேர்ந்தாற்போல் சில ஆண்டுகளுக்குக் குத்தகை என்று வைத்துப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. வானம் பார்த்த பூமியில் ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருக்காது. ஆகவே ஆண்டுக்கொரு தீர்வு என்று வந்து நின்றது.

வரி வாங்குவதற்காக வந்த கணக்கு அது. குடியானவர் நலனுக்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கணக்கால் நொந்த குடும்பங்கள் ஏராளம். இருந்தும், ஒரு வருஷத்தை எப்படித் திரும்பிப் பார்ப்பது என்று என்னைக் கேட்டால், நான் கைகாட்டுவது அந்த மேசையைத்தான். அங்கே யாரும் 'இந்த வருஷம் நல்ல வருஷமா, கெட்ட வருஷமா?' என்று கேட்பதில்லை. எந்த நிலத்தில் என்ன விளைந்தது, எது சும்மா கிடந்தது, யாருக்கு என்ன பாக்கி என்று கேட்கிறார்கள். தீர்ப்பு கடைசியில்தான் வருகிறது. நம்மில் பலர் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தகுந்த நினைவுகளைத் தேடுகிறோம். இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றுவதற்காக.

எப்போது உட்காருவது

ஜமாபந்தி பார்ப்பது பசலி ஆண்டுக்கு. அது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை ஓடுவது 1435-ஆம் பசலி. அறுவடைகள் ஓய்ந்து, அடுத்த விதைப்புக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில் அந்த ஆண்டு முடிகிறது. நாமும் அப்படித்தான் நாள் தேர்ந்தெடுக்க வேண்டும். டிசம்பர் 31 இரவு வீட்டில் டிவி அலறும்; போனில் வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு எடுக்கிற கணக்கு பெரும்பாலும் அன்றைய மனநிலையின் கணக்கு.

உங்கள் வருஷம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கம் மலையில் சாமை போடுகிறவருக்குத் தை மாதம். களம் ஓய்ந்து, தானியம் வீடு வந்து, விற்ற காசும் கையில் இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியருக்கு மே. ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கிறவருக்குத் தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம். கடை வைத்திருப்பவருக்கு ஆயுதபூஜைக்கு முந்தின நாட்கள். சாமானெல்லாம் எப்படியும் வெளியே வந்து துடைத்து அடுக்கப்படும். ஜோலார்பேட்டையில் விடியுமுன் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து வேலைக்கு ஓடுகிறவருக்கு அப்படி ஒரு முடிவே தெரியாது. அவர் தாமாக ஒரு நாளை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. வீட்டில் சாவு விழுந்திருந்தால் தலைத்திவசம் முடியும்வரை கணக்குப் பார்க்க வேண்டாம். அந்த வருஷத்துக்கு அதுவே கணக்கு.

நினைவை நம்பாமல் சீட்டை நம்புங்கள்

நினைவுக்குக் கடைசி இரண்டு மாதம் பெரிதாகத் தெரியும். பிறகு பெரிய சண்டையும் பெரிய விசேஷமும் தெரியும். நடுவில் சாதாரணமாக ஓடிய நாட்கள் காணாமல் போய்விடும். ஆனால் வருஷம் என்பது பெரும்பகுதி அந்த நாட்கள்தான். ஆகவே முதல் உட்காரலில் ஒன்றும் யோசிக்காதீர்கள், திரட்டுங்கள்.

பேங்க் பாஸ்புக், ஜிபே வரலாறு, பால் சொசைட்டி அட்டை, மகளிர் குழுப் பதிவேடு, நூறுநாள் வேலை அட்டை, நகைக்கடன் சீட்டு, ஆஸ்பத்திரி நோட்டு, பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை. சமையலறையில் தொங்குகிற மாதக் காலண்டரை மறக்காதீர்கள். சிலிண்டர் வந்த தேதி, பால்காரர் வராத நாள், தண்ணீர் லாரிக்குக் கொடுத்த காசு என்று பேனாவால் கிறுக்கியிருப்பது அதில்தான். வீட்டின் உண்மையான நாட்குறிப்பு அது. வருஷம் முடிந்ததும் பழைய காலண்டரைப் பரணில் கட்டி வையுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பிறகு போனை எடுத்துப் படங்களை மாதவாரியாகத் தள்ளிக்கொண்டே போங்கள். கல்யாணப் படங்களைத் தாண்டிவிடலாம். இடையில் தற்செயலாக எடுத்த படங்களில் நில்லுங்கள். மருந்துச் சீட்டு, எரிந்துபோன மோட்டார் காயில், மீட்டர் ரீடிங், பிள்ளையின் வீட்டுப்பாடப் பலகை, பஸ் ஸ்டாண்டில் யாருக்கோ அனுப்ப எடுத்த பஸ் நம்பர். அந்த மருந்துச் சீட்டின் தேதியைப் பார்த்தவுடன் அந்த வாரம் முழுக்கத் திரும்ப வரும்: யார் கூட வந்தார்கள், எத்தனை நாள் லீவு, யாரிடம் கைமாற்று வாங்கினோம் என்று எல்லாமே.

வேலையும் வீடும் ஒரே தாளில்

இதுதான் இந்த முறையின் உயிர்நாடி. வேலைக்கு ஒரு நோட்டு, சொந்த வாழ்க்கைக்கு ஒரு நோட்டு என்று பிரிக்காதீர்கள். பெரிய தாள் ஒன்றை எடுத்துப் படுக்கையாக வையுங்கள். இடது ஓரத்தில் மாதங்கள். அதற்கு வலப்பக்கம் நான்கு கட்டங்கள்: வேலை, வீடு, வானம், தரிசு. கடைசி இரண்டையும் பிறகு விளக்குகிறேன்.

ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆடி மாதத்துக்கு நேராக வேலைக் கட்டத்தில் 'தினமும் ஓவர்டைம்' என்று எழுதுகிறார். ஆவணியில் 'டார்கெட் எட்டவில்லை, சூப்பர்வைசர் சத்தம் போட்டார்'. புரட்டாசியில் 'மூன்று நாள் சம்பளப் பிடித்தம்'. வேலை நோட்டு மட்டும் இருந்தால் அவர் எட்டும் முடிவு, 'எனக்குக் கை வேகம் குறைந்துவிட்டது' என்பதாக இருக்கும். அதே வரிகளில் வீட்டுக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். ஆடியில் 'மாமியார் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு'. ஆவணியில் 'இரவு இரண்டு தடவை எழுந்திருக்கிறேன்'. புரட்டாசியில் 'பையன் டியூஷனை நிறுத்தியாச்சு'. இப்போது மூன்று மாதமும் ஒரே கதையாகப் படிக்கக் கிடைக்கிறது. கை வேகம் குறையவில்லை, தூக்கம் குறைந்திருக்கிறது. சரிசெய்ய வேண்டியது தையல் அல்ல. இரவு முறையைக் கணவரோடு பங்கிட்டுக்கொள்வது. இரண்டு நோட்டாக வைத்திருந்தால் இது தெரியவே தெரியாது.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். வீட்டில் ஓயாத சண்டை நடந்த மாதத்துக்கு நேராக வேலைக் கட்டத்தில் சம்பளம் தள்ளிப்போனது எழுதியிருக்கும். பிள்ளை நன்றாகப் படித்த பருவத்துக்கு நேராக அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது எழுதியிருக்கும். நல்லதற்கும் காரணம் தெரிய வேண்டும். கெட்டதற்கு மட்டும் காரணம் தேடுகிறவர் நல்லதைத் திரும்பச் செய்யத் தெரியாமல் நிற்பார்.

வானம் என்கிற கட்டம்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குள் ஏறினால் காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கியது, 1972-ல் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி. எவ்வளவு பெரிய கருவி வைத்தாலும் மேகத்தை ஒன்றும் செய்ய முடியாது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் தொடுகிற மலை இது. ஆண்டின் முதல் மாதங்களில் வானம் நன்றாகத் திறக்கும். மழை மாதங்களில் வரிசையாகப் பல இரவுகள் ஒன்றும் தெரியாது. வானியல் பதிவேடுகளில் அப்படிப்பட்ட இரவையும் விடாமல் எழுதுவது வழக்கம். மேகத்தால் போன இரவு வேறு, கருவிக் கோளாறால் போன இரவு வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த வருஷம் எதைப் பழுது பார்ப்பது என்றே தெரியாது.

உங்கள் தாளில் வானம் என்கிற கட்டம் அதற்குத்தான். உங்கள் கையில் இல்லாதது எல்லாம் அங்கே போகட்டும். 2020-ஐ எழுதுகிற ஒரு தோல் தொழிலாளி 'சேமிப்பு ஒன்றுமில்லை' என்று மட்டும் எழுதினால் அது பொய்க்கணக்கு. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு என்று வானம் கட்டத்தில் வர வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனதே, கரையோர நிலத்துக்காரர் அதை எழுதாமல் அந்த வருஷ விளைச்சலை எழுதக்கூடாது. மேனேஜர் மாறியது, பஸ் தடம் நின்றது, புளி விலை விழுந்தது எல்லாமே வானம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் வானத்தின்மேல் போட்டுவிடவும் கூடாது. ஐயம் வந்தால் இப்படிச் சோதியுங்கள்: அதே மாதத்தில், அதே நிலைமையில், உங்களைப் போன்ற இன்னொருவருக்கு என்ன நடந்தது? அவருக்கும் அதுவே நடந்திருந்தால் மேகம். அவர் தப்பித்திருந்தால் அவரிடம் போய் எப்படி என்று கேளுங்கள்.

காவலூரிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது என்று தெரிந்து, உலகின் பல இடங்களில் காத்திருந்தார்கள். காவலூரில் ஜெய்ஸ் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னதாகவே விண்மீனின் ஒளி சற்று நேரம் மங்கியது. அது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. நேரத்தோடு பதிவானது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்றுதான் முதலில் எழுதினார்கள். மற்ற இடங்களில் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்கு உறுதியானது. அன்றைய பதிவு சரியாக இருந்ததால் பொருள் பிறகு திருந்தியது.

ஆகவே, புரியாத மாதங்களையும் எழுதி வையுங்கள். 'மாசியில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, காரணம் தெரியவில்லை' என்று எழுதலாம். காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்தாக வேண்டியதில்லை. அடுத்த வருஷ மாசியிலும் அதே வரி வந்தால் அப்போது டாக்டரிடம் காட்ட அது உதவும். திரும்பிப் பார்ப்பதே தாங்க முடியாமல் தூக்கம் கெட்டால் தாளை மூடிவிட்டு 14416 என்கிற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

தரிசை எழுதுங்கள்

கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எதிரே பரப்பு, பயிர், பாசனம் என்று கட்டம் கட்டமாகப் போகும். பயிர் வைக்காத நிலத்தை விட்டுவிட்டு அடுத்த நம்பருக்குத் தாவ முடியாது. அங்கே 'தரிசு' என்று எழுதியாக வேண்டும். ஊரில் விளைந்தது எவ்வளவு என்பதைப் போலவே விளையாமல் கிடந்தது எவ்வளவு என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

நாம் வருஷத்தைத் திரும்பிப் பார்க்கும்போது செய்ததைத்தான் எண்ணுகிறோம். செய்யாமல் கிடந்தது கண்ணில் படுவதில்லை. ஆகவே தரிசுக் கட்டத்தில், மாதத்தைப் பார்க்காமல், முதலில் உங்கள் சர்வே நம்பர்களை எழுதுங்கள்: உடம்பு, கணவன் மனைவி உறவு, பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், கடன், சேமிப்பு, தொழில் கற்றல், நண்பர்கள், சாமி, ஊர்க் காரியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த வருஷம் என்ன பயிர் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் தரிசு. மனசு கேட்காமல் 'கொஞ்சம் பரவாயில்லை' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். தங்கையோடு வருஷம் முழுக்கப் பேசியது அவள் பிள்ளையின் காதுகுத்துக்கு மட்டும் என்றால், அந்த நம்பர் தரிசுதான்.

தரிசு எல்லாம் குற்றமும் அல்ல. மானாவாரிக் காட்டில் மண் தேறட்டும் என்று வேண்டுமென்றே போட்டு வைப்பதுண்டு. கைக்குழந்தை இருக்கிற வருஷத்தில் தொழில் கற்றல் தரிசாகக் கிடக்கலாம், கிடக்கட்டும். ஆள் இல்லாமல், கவனம் இல்லாமல், முள் ஏறிப்போன தரிசு வேறு. எழுதும்போதே பக்கத்தில் 'ஓய்வு' அல்லது 'முள்' என்று குறித்துவிடுங்கள். ஒரே நம்பர் மூன்று வருஷமாக 'ஓய்வு' என்று வந்துகொண்டிருந்தால் அதை முள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் கையெழுத்து

கணக்கு எழுதியவரே ஜமாபந்தி அலுவலர் ஆக முடியாது. உங்கள் தாளையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். முதலாளி வேண்டாம், கடன் கொடுத்தவர் வேண்டாம், எதைச் சொன்னாலும் பாராட்டுகிற நண்பரும் வேண்டாம். உங்களைக் கூடவே இருந்து பார்த்தவர் வேண்டும். மனைவி, கணவர், அக்கா, பழைய கூட்டாளி, வயதுவந்த பிள்ளை. 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு மருத்துவர்கள், சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும், பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டு 1960-களின் கடைசிவரை சேர்ந்து உழைத்தார்கள். அப்படிப்பட்ட துணை எல்லோருக்கும் வாய்க்காது. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருகிற ஒருவர் போதும்.

தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். 'அக்கா, இதுல எது இல்லைன்னு பாரு' என்று மட்டும் கேளுங்கள். 'சித்திரையில எனக்கு ஜுரம் வந்தப்ப நீ நாலு நாள் லீவு போட்டுப் பார்த்துக்கிட்டியே, அத ஏன் எழுதல?' என்று அவர் கேட்கலாம். நாம் செய்த நல்லதை நாமே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். விட்டுப்போன கெட்டதையும் சொல்வார். அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். அவர் சொன்னதை அவர் கையாலேயே எழுதச் சொல்லிக் கீழே கையெழுத்து வாங்குங்கள். வாதம் தொடங்கினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

உத்தரவு

ஜமாபந்தியில் வாங்குகிற மனுக்களில் சிலது அங்கேயே முடியும், சிலது விசாரணைக்குப் போகும், சிலது தள்ளுபடி ஆகும். உங்கள் தாளின் பின்பக்கத்தில் அதே மூன்றையும் எழுதுங்கள்.

உடனடி உத்தரவு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் மாதமும் ஆளும் இருக்க வேண்டும். 'உடம்பைக் கவனிப்பேன்' என்பது உத்தரவு ஆகாது. 'வைகாசிக்குள் சுகர், பிரஷர் பார்க்கிறேன், கூட வருவது பெரியவள்' என்பது உத்தரவு. நகைக்கடனை மறுபடி மறுபடி வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால், எந்த மாதக் குழுக்கடனில் எந்த நகையை மீட்பது என்று நகையின் பெயரோடு எழுதுங்கள்.

விசாரணைக்கு அனுப்புகிறவை இன்னும் தகவல் வேண்டியவை: வேலை மாறலாமா, மலையை விட்டுக் கீழே குடி வரலாமா, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது. யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் குறித்தால் போதும்.

தள்ளுபடிதான் கடினம். வருஷா வருஷம் சுமந்துகொண்டு வருகிற ஆசைகளில், இனிச் செய்யப் போவதில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தவற்றைப் பெயர் சொல்லித் தள்ளுபடி செய்யுங்கள். கடை மாடியில் கட்ட நினைத்த இரண்டாவது அறை, பாதியில் நின்ற தபால்வழிப் பட்டம், பேசித் தீர்க்கலாம் என்று பத்து வருஷமாக வைத்திருந்த பங்காளிச் சண்டை. பின்னொரு காலத்தில் தேவைப்பட்டால் புதுமனுவாகப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பாரம் கணக்கில் இருக்க வேண்டாம்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். காலண்டரில் உங்கள் ஜமாபந்தி நாளை வட்டமிடுங்கள். கையெழுத்துப் போடப் போகிறவருக்கு இன்றைக்கே போன் செய்து தேதியைச் சொல்லுங்கள். அவருடைய தாளையும் எடுத்து வரச் சொல்லுங்கள், அதில் நீங்கள் கையெழுத்துப் போடலாம்.